மூத்த தாரத்து மகளின் பங்கு

அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட வீட்டில் மூத்த தாரத்து மகளுக்கு என்ன உண்டு என்று கேட்டால், மும்பைத் தமிழ்ப் பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: பென்ஷன் சித்திக்கு, வீடு பையனுக்கு, அம்மா நகை பொண்ணுக்கு. தாராவியில் ஊர்ச் சங்கத்துக் கூடத்தில் கேட்டாலும், மாட்டுங்காவில் கோயில் வாசலில் கேட்டாலும், செம்பூரில் சொசைட்டி ஆபீஸில் கேட்டாலும் பதில் ஏறத்தாழ இதுதான். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு எழுந்து போவார்கள். இந்த மூன்று தீர்ப்பும் சட்டப்படி தவறு. மகளுக்குச் சேர வேண்டியது இதைவிட எவ்வளவோ அதிகம். எங்கே எவ்வளவு, அது எந்த இடத்தில் கைநழுவுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். அப்பா நாங்குநேரிப் பக்கத்துக்காரர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 2004க்கு முன்பே வேலையில் சேர்ந்தவர், ஆகவே பழைய ஓய்வூதிய விதிகளுக்குள் வருபவர். மகளுக்குப் பதினாறு வயதாகும்போது அம்மா காலமாகிறாள். வீட்டில் சமைத்துப்போட ஆளில்லை என்று ஒரு வருடத்துக்குள் ஊரிலிருந்து ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைக்கிறார்கள். சித்திக்கு ஒரு பையன் பிறக்கிறான். மகளுக்கு 21 வயது நடக்கையில், பணியில் இருக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விடுகிறார். கடைசிச் சம்பளம் 50,000 ரூபாய் என்று வையுங்கள்.

பணியில் இருக்கும்போது இறந்தால் முதல் பத்தாண்டுகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. அதன் பிறகு 30 சதவீதம். ஆக இந்த வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய், அதன்மேல் அகவிலை நிவாரணம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தியை அழைத்துக்கொண்டு யாரோ ஒரு மாமா பென்ஷன் பிரிவுக்குப் போவார். மகள் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளும் போயிருக்க வேண்டும். மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 54ஆம் விதி இதைத் தெளிவாகச் சொன்னது. அரசு ஊழியர் இறந்து, விதவை இருக்கிறாள், உயிரோடில்லாத இன்னொரு மனைவிக்குப் பிறந்த, தகுதியுள்ள பிள்ளையும் இருக்கிறது என்றால், அந்த மனைவி இருந்திருந்தால் என்ன பங்கு வாங்கியிருப்பாளோ அந்தப் பங்கு அந்தப் பிள்ளைக்கு. இரண்டு மனைவி என்றால் ஆளுக்குப் பாதி. ஆக, செத்துப்போன அம்மாவின் பாதி மகளுக்கு வருகிறது: மாதம் 12,500 ரூபாய், அதற்குரிய அகவிலை நிவாரணத்தோடு. சித்தி சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்பா இறந்த மறுநாளிலிருந்தே அவளுக்கும் பங்கு ஓடத் தொடங்குகிறது. அம்மா இறக்கவில்லை, விவாகரத்தாகிப் போனவள் என்றாலும் இதே கணக்குதான். விவாகரத்து ஆகாதிருந்தால் அவளுக்கு வந்திருக்கும் பங்கு அவள் பிள்ளைக்கு. 2021இல் வந்த புதிய விதிகளில் இது 50ஆம் விதிக்குள் இருக்கிறது. ரயில்வேக்கு 1993ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருந்தாலும் 75ஆம் விதி இதே தடத்தில்தான் போகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த செம்பூர்க்காரர்களின் மகள்களுக்கும் இது பொருந்தும்.

இவ்வளவு வெளிப்படையான விதி ஏன் வீடு வந்து சேருவதில்லை? மகளாகக் கேட்டால்தான் அலுவலகத்துக்கு அவள் இருப்பது தெரியும் என்பதுதான் காரணம். அப்பா கொடுத்த குடும்ப விவரப் படிவத்தில் அவள் பெயர் இருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டாம் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிவத்தைப் புதிதாக எழுதும்போதுதான் வினை. மனைவி பெயரை மாற்றி, புதிதாகப் பிறந்த பையனைச் சேர்த்து, ‘கட்டிக்கொடுக்கப்போகிற பொண்ணுதானே’ என்று மகளை விட்டுவிட்டால், அவள் அரசாங்கத்தின் கணக்கில் பிறக்காதவள். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, அவசரம் போதும். 2024 அக்டோபரில் மத்திய ஓய்வூதியத் துறை ஒரு விளக்கம் கொடுத்தது: ஒருமுறை குடும்பப் பட்டியலில் சேர்ந்த மகளின் பெயரை நீக்கக் கூடாது, தகுதி உண்டா இல்லையா என்பதை ஓய்வூதியர் இறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. நல்ல உத்தரவு. ஆனால் முதலில் பெயர் ஏறியிருக்க வேண்டுமே.

இந்தப் பாதிக்கு ஆயுசு உண்டு. மகளுக்கு 25 வயது நிறைந்தாலோ, கல்யாணமானாலோ, சம்பாதிக்கத் தொடங்கினாலோ நின்றுவிடும். நின்ற பங்கு வீணாகாமல் சித்தி பக்கம் போய்ச் சேரும். 25 தாண்டிய மகள்களுக்குச் சட்டம் பின்னால்தான் கதவைத் திறந்தது. விதவை மகளுக்கும் விவாகரத்தான மகளுக்கும் 2004 ஆகஸ்டில். கல்யாணமே ஆகாத மகளுக்கு 2007 செப்டம்பரில். இவர்கள் வரிசை கடைசியில் வரும். 25க்குள் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஊனமுற்ற பிள்ளைக்கும் பிறகு. வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. விவாகரத்து வழக்கு பெற்றோர் காலத்திலேயே போடப்பட்டிருந்தால், தீர்ப்பு அவர்கள் இறந்த பிறகு வந்தாலும் போதும் என்று 2017இல் தளர்த்தினார்கள். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, பஞ்சாயத்து பேசிப் பேசியே வருடங்களைக் கடத்தும் பெண்கள் இந்தத் தேதி விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாய்வார்த்தையாகப் பிரிந்திருப்பது இந்த விதிக்குக் கணக்கில்லை. அப்பா இருக்கும்போதே வழக்கு எண் ஒன்று இருந்தாக வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு அறுபத்திரண்டு வயதில் அப்பா கல்யாணம் செய்துகொண்டால்? அப்படி வந்த மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை என்றுதான் ஒரு காலத்தில் விதி இருந்தது. 1989இல் பகவந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். கடைசிக் காலத்தில் அவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவள் அவள். அவர் வருத்தப்படுவாரே என்று மகள் கேட்காமலிருந்த கேள்விகளுக்கும் அவள் பொறுப்பில்லை.

இதன் மறுபக்கத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. அம்மாதான் அரசு ஊழியர், பள்ளி ஆசிரியை அல்லது நர்ஸ், அவள் இறந்துபோனாள் என்று வையுங்கள். அவள் குடும்ப ஓய்வூதியம் அப்பாவுக்கு வரும். எதுவரை? அவர் மறுமணம் செய்யும்வரை. மத்திய அரசு விதிப்படி, தாலி கட்டிய நாளோடு அது அவருக்கு நின்று, தகுதியுள்ள பிள்ளைகளுக்குத் திரும்ப வேண்டும். அப்பா வங்கியில் மறுமணம் பற்றிச் சொல்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தால், வாங்குவது மகளின் பணம். தனியார் நிறுவன வேலைக்கான 1995ஆம் ஆண்டு பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்திலும் மறுமணத்தோடு துணைவரின் பென்ஷன் நிற்கிறது. அதன் பிறகு 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, ஒரே நேரத்தில் இருவருக்கு, ஆளுக்கு அந்தப் பென்ஷனில் 75 சதவீதம் ‘அநாதைப் பென்ஷன்’ என்ற பெயரில் வரும். பெயர் மனத்தைச் சுடுகிறது. அப்பா உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அநாதை என்று யார் எழுதிக் கொடுப்பது? அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

இறந்தது அப்பா என்றால் இந்தத் திட்டத்தில் வேறு கணக்கு. சித்திக்கு விதவைப் பென்ஷன். கூடவே மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு அதில் 25 சதவீதம் ஆளுக்கு. ஒருவர் வயது தாண்டியதும் அடுத்தவருக்கு. மூத்த தாரத்து மகள்தான் வயதில் மூத்தவள், அவளுக்குத்தான் முதல் வரிசை. தொகைகள் சிறியவை. 2014 செப்டம்பரிலிருந்து விதவைக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய், பிள்ளைக்கு 250, அநாதைப் பிள்ளைக்கு 750. செம்பூர், மாகுல் பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது பொருந்தும். தாராவியின் தோல் பட்டறையிலும் தையல் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் உழைத்த அப்பாக்களுக்கோ பென்ஷன் என்ற ஒன்றே கிடையாது. அந்த வீட்டு மகளுக்கு இருப்பது ஒரு அறை மட்டும்.

வைப்பு நிதிப் பணத்திலும் ஒரு பழைய முள் இருக்கிறது. நாமினி எழுதாமல் உறுப்பினர் இறந்தால், 1952ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 70ஆம் பத்திப்படி குடும்பத்தார் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் புருஷன் உயிரோடிருக்கும் மகளுக்குப் பங்கு இல்லை. வயதுவந்த மகனுக்கும் இல்லைதான். ஆக மூத்த தாரத்துப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகி இருந்தால், முழுப் பணமும் சித்திக்கும் அவள் சின்னப் பிள்ளைகளுக்கும் போகும். இதைத் தவிர்க்க ஒரே வழி, அப்பா உயிரோடிருக்கும்போது எழுதும் நாமினேஷன்.

2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் கவலை தருகிறது. அதில் ஓய்வுபெற்றவர் இறந்தால் அவர் வாங்கியதில் 60 சதவீதம், ஓய்வுபெற்ற தேதியில் சட்டப்படி மனைவியாக இருந்தவருக்கு மட்டும். மகள் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. ஐம்பது ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த கதவு அது. விதவை மகளுக்கு, விவாகரத்தானவளுக்கு, கல்யாணமாகாதவளுக்கு என்று சேர்த்த பாதுகாப்பெல்லாம் புதிய திட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஓய்வுபெறும் ஊழியரின் வீட்டில் இல்லை. தொழிற்சங்கங்கள் சதவீதக் கணக்கில் காட்டிய அக்கறையை இதில் காட்டியிருக்க வேண்டும்.

இனி நகை. ‘அம்மா நகை பொண்ணுக்கு’ என்பது கேட்க இனிமையான வழக்கம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் அவள் சொத்து அவள் மகன்கள், மகள்கள், கணவன் எல்லோருக்கும் சமம். மகளுக்கு இதனால் நஷ்டம்போலத் தோன்றும். உண்மையில் இந்தப் பிரிவுதான் அவளுக்கு மிகப் பெரிய ஆதாரம். ஏனென்றால் இது நகைக்கு மட்டும் அல்ல. அம்மா பெயரில் இருந்த வங்கிக் கணக்கு, வீட்டில் அவள் பாதி, ஊரில் அவள் அப்பா கொடுத்த நிலம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அம்மா கண் மூடிய நாளிலேயே மகள் பங்குக்காரி. அப்பா மறுமணம் செய்யும் வரையோ சாகும் வரையோ அந்த உரிமை காத்திருப்பதில்லை. அம்மாவின் சங்கிலியைப் புது மனைவி கழுத்தில் போட்டால், அதில் ஒரு பகுதி மகளுடையது.

மகள் மைனர் என்றால் அப்பாவே அவளுக்குக் காப்பாளர். ஆனாலும் அவள் பங்குள்ள வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் விற்க முடியாது. அப்பாவும் போய்விட்டால் சித்தி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1956ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் தாய் என்ற சொல்லில் மாற்றாந்தாய் அடங்கமாட்டாள் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது.

வீட்டுக்கு வருவோம். மும்பையில் எல்லாச் சண்டையும் கடைசியில் சதுர அடியில்தான் வந்து நிற்கும்.

குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கிடைக்கும் வீடு குடிசைக்காரருக்கும் அவர் துணைவருக்கும் கூட்டாகச் சொந்தம். சொசைட்டியின் ஷேர் சர்டிபிகேட்டிலும் அப்படியே பதிய வேண்டும் என்பது விதி. பெண்களுக்கு நல்லது செய்த விதி. மறுமணம் நடந்த வீட்டில் இதனால் என்ன ஆகிறது என்று நம் ஃபிட்டர் குடும்பத்தை வைத்தே கணக்குப் போடலாம். வீடு ஒதுக்கும்போது அம்மா இருந்தாள் என்றால் பாதி அவளுடையது. அவள் இறந்ததும் அந்தப் பாதி அப்பாவுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் போகிறது. இப்போது மகளிடம் கால், அப்பாவிடம் முக்கால். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அந்த முக்கால் சித்தி, பையன், மகள் மூவருக்கும் கால் கால். கூட்டிப் பார்த்தால் மகளுக்கு அரை வீடு, சித்திக்குக் கால், பையனுக்குக் கால். வீடு பையனுக்கு என்று தீர்ப்புச் சொன்ன பெரியவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அம்மா இறந்து, சித்தி வந்த பிறகு வீடு ஒதுக்கினால் கதை தலைகீழ். பாதி சித்திக்கு. அப்பாவின் பாதி மூன்றாகப் பிரிந்து மகளுக்கு ஆறில் ஒரு பங்கு. அதே அறை, அதே குடும்பம். ஒதுக்கீட்டுத் தேதி மாறியதும் மகளின் பங்கு முன் கணக்கில் வந்ததில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஊரில் அப்பத்தா உயிரோடிருந்தால் அப்பாவின் பங்கில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மகனுக்குத் தாய் முதல் வகை வாரிசு. பெரும்பாலும் யாரும் அவளைக் கேட்பதில்லை.

தாராவியில் இது இன்றைய பிரச்சினை. 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பு வீடு வீடாகக் காகிதம் கேட்டது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு என்பது அறிவிப்பு. கட்டிக்கொடுத்துப் போன மகள் அன்டாப் ஹில்லிலோ கல்யாணிலோ இருக்கிறாள். கணக்கெடுக்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பது சித்தி. பழைய குடிசைக்கு அம்மா பெயரில் இருந்த போட்டோ பாஸோ, அம்மா உழைப்பில் வாங்கியதற்கான காகிதமோ இருந்தால், அதன் நகலை மகள் கையில் வைத்துக்கொண்டு, தானும் அம்மாவின் வாரிசு என்று எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவைக்க வேண்டும். சாவி கைமாறிய பிறகு கேட்பது பத்து வருட வழக்கு.

மாட்டுங்காவின் பழைய பகடிக் கட்டடங்களில் மகளின் நிலை இன்னும் இக்கட்டு. அங்கே வீடு சொந்தமில்லை, வாடகை உரிமைதான். ஆனால் அந்த உரிமைக்கே பெரிய விலை உண்டு. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகைதாரர் இறக்கும்போது அவரோடு குடியிருந்த குடும்பத்தாருக்கே அந்த உரிமை என்கிறது. அப்படி யாரும் இல்லாதபோதுதான் மற்ற வாரிசுகள். கல்யாணமாகி வேறிடம் போன மகளுக்கு வாரிசுரிமைச் சட்டம் தரும் சமபங்கு, வாடகைச் சட்டத்தின் வாசலில் நின்றுவிடுகிறது. அப்பாவை வைத்துக் காப்பாற்ற அவள் திரும்பி வந்து குடியிருந்தால் மட்டும் அவளும் உள்ளே வருவாள். ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, மின்கட்டண ரசீது என்று அதற்கும் காகிதம் வேண்டும்.

செம்பூர் சொசைட்டி ஃபிளாட்டுகளில் குழப்பம் வேறு வகை. நாமினி என்று சித்தி பெயரை அப்பா எழுதிவிட்டார், ஆகவே வீடு அவளுடையது என்று செயலாளர் அடித்துச் சொல்வார். அப்படி இல்லை. நாமினி வாங்கி வைப்பவர், சொந்தக்காரர் அல்ல. 2019இல் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தில் சேர்த்த 154பி-13 பிரிவு, வாரிசுகள் முடிவாகும்வரை நாமினியைத் தற்காலிக உறுப்பினராகவே வைக்கிறது. காலநிர்ணய் காலண்டரைத் தொடங்கிய ஜயந்த் சால்காவ்கர் குடும்ப வழக்கிலும் இதே கேள்விதான் எழுந்தது. பங்குகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் நாமினியாக இருப்பதால் மட்டும் ஒருவர் முழு உரிமையாளர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் விதிவிலக்கு: 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ நாமினி என்றால் பணம் அவர்களுக்கே சொந்தம். எல்.ஐ.சி. பாலிசியில் மறுமணத்துக்குப் பிறகு நாமினி மாறியதா என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

ஊர் நிலத்தில் மகளின் நிலை வலுவானது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டது. மாட்டுங்காவை அடுத்த தாதர் ராஜகிருகத்தில் வாழ்ந்த அம்பேத்கர், மகளுக்கு மகனோடு சமபங்கு என்று எழுதிய இந்து சட்டத் தொகுப்பு நிறைவேறாமல் முடங்கியதால் 1951இல் அமைச்சர் பதவியை விட்டார். தமிழ்நாடு 1989இலும் மகாராஷ்டிரம் 1994இலும், அப்போது கல்யாணமாகாதிருந்த மகள்களுக்கு மட்டும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தன. 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுவதும், கல்யாணமானவளுக்கும். அன்று அப்பா உயிரோடிருந்தாக வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா தீர்ப்பு சொல்லிவிட்டது. நம் ஃபிட்டரிடம் நாங்குநேரியில் உண்மையான பூர்விக நிலம் இருந்தால், பிறப்பால் அப்பா, மகள், பையன் மூவருக்கும் மூன்றில் ஒன்று. அப்பாவின் பங்கு மறுபடி மூன்றாகும். மகளுக்கு ஒன்பதில் நான்கு, பையனுக்கு ஒன்பதில் நான்கு, சித்திக்கு ஒன்பதில் ஒன்று.

இந்தத் தீர்ப்புகளைக் கொண்டாடும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. மும்பை மகளுக்கு அவற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதில் எனக்கு நெருடல் உண்டு. தாத்தா 1956க்குப் பிறகு இறந்து, அவரது தனிச் சொத்து அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் சொந்தச் சொத்துதான். 1986இலேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. தாராவி அறையும் செம்பூர் ஃபிளாட்டும் பி.எஃப். பணமும் அப்பா சம்பாதித்தவை. சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுத அவருக்கு முழுச் சுதந்திரம். ஒரு வரியில் மகளைத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளினாலும் கல்யாணமாகாத மகள் ஒரேயடியாகத் தெருவில் நிற்க வேண்டியதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத கல்யாணமாகாத மகளை அப்பா பராமரிக்க வேண்டும். அவர் போன பிறகு சொத்தை எடுத்தவர்கள் அதிலிருந்து பராமரிக்க வேண்டும். அவள் கல்யாணச் செலவும் அதில் அடக்கம். 1956ஆம் ஆண்டு தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தில் இது இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் மட்டும் உயிலுக்குக் கட்டுப்படாது. அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன்: அப்பாவின் உழைப்பால் வருவதில், அவர் மனம் மாறினாலும் மாறாத பங்கு அது.

ஊரில் ஒருத்தி, பம்பாயில் ஒருத்தி என்று வாழ்ந்தவர்கள் வீடுகள் தனிக் கதை. முதல் மனைவி இருக்க இரண்டாவது செய்வதைப் பம்பாய் மாகாணம் 1946இலும் சென்னை மாகாணம் 1949இலும் தடுத்தன. 1955 முதல் நாடெங்கும் அந்தக் கல்யாணம் செல்லாது. அந்த மனைவிக்குப் பென்ஷன் இல்லை. முதல் மனைவி பின்னால் இறந்துவிட்டாலும் இல்லை என்று 2022இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு சோலாப்பூர் வழக்கில் சொன்னது. ஆனால் பிள்ளைகளைச் சட்டம் தண்டிக்கவில்லை. அவர்களுக்குப் பென்ஷனில் பங்குண்டு என்று 2000இல் ராமேஸ்வரி தேவி வழக்கு. கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரக்கூடிய பங்கிலும் உண்டு என்று 2023இல் ரேவணசித்தப்பா வழக்கு. ஊரில் இருக்கும் மகளும் தாராவியில் இருக்கும் மகளும் ஒருவரையொருவர் பார்த்திராமலே பங்காளிகள்.

இதுவரை சொன்ன சொத்துக் கணக்கு இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லாவிட்டால் விதவைக்கு மூன்றில் ஒன்று; மீதி எல்லாத் தாரத்துப் பிள்ளைகளுக்கும் ஆண், பெண் பேதமில்லாமல் சமம். இஸ்லாமியக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனின் பங்கில் பாதி. ஆனால் வாப்பா உயிலால் மூன்றில் ஒன்றுக்கு மேல் திருப்பிவிட முடியாது என்பதால் மகளை முற்றிலும் ஒதுக்க வழியில்லை.

இவ்வளவும் படித்துவிட்டுச் சித்தியை எதிரியாக நினைத்துவிடக் கூடாது. அவளும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண். இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டது அவள் விருப்பம் என்று சொல்ல முடியாது. முதல் மனைவி இறந்த பிறகு நடந்த கல்யாணம் என்றால் அவள் முழு மனைவி, முழு வாரிசு. 2007ஆம் ஆண்டு பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் மாற்றாந்தாயையும் பெற்றோர் என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. கேட்பதற்கு மகளுக்கு உரிமை இருப்பதுபோல, வயதான சித்தியைத் தாங்கும் கடமையும் வரலாம். சித்திக்குப் பிள்ளையில்லை என்றால் அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து, அவள் உயில் எழுதாமல் போனால், அப்பாவின் வாரிசான மகளிடமே திரும்பும்.

நான் எதிர்ப்பது இரண்டு கையெழுத்துகளைத்தான். ஒன்று, ‘அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடும்மா’ என்று சொல்லிப் பதிவு அலுவலகத்தில் வாங்கும் விடுதலைப் பத்திரக் கையெழுத்து. படிக்காமல் போட்டாலும் அது செல்லும். திருப்புவது மிகக் கடினம். இரண்டு, மகள் பெயர் இல்லாத வாரிசுச் சான்றை ஊரில் வாங்கி இங்கே காட்டுவது. தமிழ்நாட்டில் தாசில்தார் வாரிசுச் சான்று தருகிறார். மும்பையில் 1827ஆம் ஆண்டு பம்பாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம்தான் தருகிறது. இங்கே நீதிமன்றம் போகத் தயங்கி, நம் ஆட்கள் ரயிலேறி ஊருக்குப் போய் வாங்கி வருவார்கள். அந்தச் சான்றில் மூத்த தாரத்து மகள் விடுபட்டிருந்தால் அவள் உடனே எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும்.

மறுமணம் செய்யப்போகும் அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கு முன்னால் அரை நாள் ஒதுக்குங்கள். அலுவலகத்தின் குடும்ப விவரப் படிவத்தில் மூத்த மகள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவள் அம்மாவின் நகையை எடைபோட்டு எழுதி, அவளிடம் ஒரு நகல் கொடுங்கள். பி.எஃப்., எல்.ஐ.சி., சொசைட்டி நாமினேஷனில் இரண்டு பேர் பெயரையும் பங்கு குறித்து எழுதுங்கள். அம்மாவின் இறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, அவள் பெயர் இருந்த பழைய ரேஷன் கார்டு மூன்றின் நகலும் மகளிடம் இருக்கட்டும். புதிதாக வருகிற பெண்ணிடமும் இதைச் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் அவளும் சண்டையிட மாட்டாள்.

அப்பா செய்யாமலே போய்விட்டாரா? அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கு உங்கள் பெயரில் தனியாக விண்ணப்பம் எழுதுங்கள். இறந்த அம்மாவின் பங்கு எனக்கு வர வேண்டும் என்று விதி எண்ணோடு கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.